சென்சார் தன் வெப்பநிலையைத்தான் சொல்லும்: தொலைநோக்கிக் கேமராவைக் குளிரில் அசையாமல் நிறுத்துவது எப்படி

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, கல்லூரித் தொலைநோக்கிக்குக் கேமரா கட்டும் மாணவர்கள் அடிக்கடி வருவார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த கன்ட்ரோலர் வாங்கலாம்?" என்பதுதான். ஹீட்டரைக் கூட்டிக் குறைத்து வெப்பநிலையை நிறுத்தும் நல்ல கன்ட்ரோலர் வாங்கிவிட்டால் மில்லிகெல்வின் துல்லியம் கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நான் கன்ட்ரோலரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். ஏனென்றால் சென்சாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தன்னுடைய வெப்பநிலை. ஒளியைப் பிடிக்கும் சில்லான டிடெக்டர் எவ்வளவு குளிராக இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சென்சாரும் டிடெக்டரும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி கட்டுவது நம் வேலை. அது கம்பியிலும் ஸ்க்ரூவிலும் இருக்கிறது, விலைப்பட்டியலில் இல்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது திரவ நைட்ரஜனில் குளிரும் ஒரு சி.சி.டி. கேமரா; சி.சி.டி. என்பதுதான் அதன் டிடெக்டர். கேமரா உட்காரும் வெற்றிடப் பாத்திரம்தான் டியூவர்; அதில் நைட்ரஜன் ஊற்றும் தொட்டி 77 கெல்வினில் இருக்கும். டிடெக்டர் உட்கார்ந்திருக்கும் செம்புத் தட்டை 165 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 108 டிகிரி செல்சியஸில் நிறுத்த வேண்டும்; அதற்குத் தட்டில் ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி கருவி 7 கெல்வினுக்கும் கீழே இயங்குகிறது, பிளாங்க் செயற்கைக்கோளின் போலோமீட்டர்கள் 0.1 கெல்வினில் இயங்கின. அங்கே சென்சார் வகை மாறும், குளிரூட்டும் முறை மாறும். கம்பியைப் பற்றியும் ஒட்டுவதைப் பற்றியும் கீழே சொல்வது அங்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சி.சி.டி.யின் இருள் மின்னோட்டம், அதாவது வெளிச்சமே இல்லாதபோதும் ஊறும் மின்னோட்டம், அறை வெப்பத்தருகே ஏறக்குறைய 6 அல்லது 7 டிகிரி குளிர்ந்தால் பாதியாகும்; 165 கெல்வினில் சுமார் 3 டிகிரியே போதும். அப்படியானால் அங்கே 0.1 கெல்வின் ஆட்டம் அதை இரண்டு சதவீதத்துக்கு மேல் மாற்றும். சாதாரணமாக நட்சத்திரங்களின் ஒளியளவு எடுப்பவருக்கு 0.05 கெல்வினுக்குள் நின்றால் தாராளம். சிலியில் லா சில்லாவில் இருக்கும் ஹார்ப்ஸ் மாதிரியான நிறமாலைமானி கட்டுகிறவர்களுக்கு நூறில் ஒரு பங்கு கெல்வின்கூடக் கவலைதான். அங்கே டிடெக்டர் கொஞ்சம் விரிந்தாலே கோளைத் தேடும் கணக்கு தப்பும். உங்கள் தேவை எதுவோ அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எந்த சென்சார்?

இந்த வேலைக்கு இரண்டு வகை போதும். ஒன்று சிலிக்கான் டையோடு. 10 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால் அறை வெப்பத்தில் சுமார் 0.56 வோல்ட், 77 கெல்வினில் சுமார் 1.03 வோல்ட் காட்டும். நமக்கு வேண்டிய இடத்தில் ஒரு கெல்வினுக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் மாறும். இன்னொன்று பிளாட்டினம் 100 ஓம், கடைக்காரர்கள் பி.டி. ஹண்ட்ரட் என்பார்கள். 165 கெல்வினில் 57 ஓம், ஒரு கெல்வினுக்கு 0.41 ஓம். விலை குறைவு, ஆண்டுக்கணக்கில் பெரிதாக நகராது, 77 கெல்வின் வரை அதன் அட்டவணை பொதுவானது. 165 கெல்வின் வேலைக்கு நான் பிளாட்டினத்தைத்தான் சொல்வேன். சுமார் 30 கெல்வினுக்குக் கீழே அதன் உணர்திறன் சரிந்துவிடும். அங்கே டையோடு, இன்னும் கீழே போனால் செர்னாக்ஸ் மாதிரி வேறு வகைகள்.

இரண்டு சென்சார் வையுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது கட்டுப்படுத்த, டிடெக்டருக்குப் பக்கத்தில் இருப்பது வேவு பார்க்க. இரண்டாவது சென்சார் இல்லாத டியூவரில் எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

கம்பி

நான்கு கம்பி இணைப்பு கட்டாயம். இரண்டு கம்பியில் மின்னோட்டம் போகும், இரண்டில் மின்னழுத்தம் அளக்கப்படும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. டியூவருக்குள் நாம் பயன்படுத்தும் மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, 36 கேஜ், ஒரு மீட்டருக்குச் சுமார் 10 ஓம். அரை மீட்டர் கம்பி போக, அரை மீட்டர் வர என்று இரண்டே கம்பியில் பிளாட்டினத்தை இணைத்தால் 10 ஓம் கூடுதலாகச் சேரும். அது 25 கெல்வின் பிழை. நான்கு கம்பியில் அந்தப் பிழை ஒன்றுமில்லாமல் போகும்.

அப்படியானால் மின்தடை குறைந்த செம்புக் கம்பியையே போடலாமே என்று தோன்றும். வேண்டாம். செம்பு மின்சாரத்தைக் கடத்துகிற அளவுக்கு வெப்பத்தையும் கடத்தும். அதே 36 கேஜில் 30 சென்டிமீட்டர் செம்புக் கம்பி, அறை வெப்பத்திலிருந்து 77 கெல்வினுக்குள் சுமார் 4 மில்லிவாட் வெப்பத்தைக் கொண்டுவரும். பாஸ்பர் பிரான்ஸ் அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று குறைவாகவே கொண்டுவரும். 4 மில்லிவாட் நைட்ரஜனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த வெப்பம் சென்சார் வழியாகத் தட்டுக்குள் இறங்கினால்? சென்சாருக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள ஒட்டு ஒரு வாட்டுக்கு 100 கெல்வின் தடுக்கிறது என்று வையுங்கள். சென்சார் தட்டைவிட 0.4 கெல்வின் சூடாக நிற்கும். திரையில் எண் அசையாமல் அழகாக நிற்கும், ஆனால் தவறான இடத்தில்.

அதனால் கம்பி சென்சாரைத் தொடும் முன்பே அதைக் குளிர வைக்க வேண்டும். அதே செம்புத் தட்டில் ஒரு சின்னச் செம்பு உருளையைத் திருகி, அதில் சிகரெட் தாள் ஒரு சுற்று ஒட்டி, நான்கு கம்பிகளையும் சேர்த்துப் பத்து சென்டிமீட்டராவது சுற்றுங்கள். மேலே குளிரிலும் பிடி விடாத ஜி.இ. வார்னிஷ் தடவி ஒரு ராத்திரி காயவிடுங்கள். இதைத்தான் மாணவர்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள், பொறுமை கேட்கிற வேலை என்பதால். என் கண்ணுக்கு இந்த முழு வேலையிலும் மிக அழகான பகுதி இதுதான். நான்கு கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் படிந்து, வார்னிஷில் மினுங்கும்போது அந்த டியூவர் உண்மை சொல்லும் என்று நம்பலாம்.

மின்னோட்ட ஜோடியைத் தனியாகவும் மின்னழுத்த ஜோடியைத் தனியாகவும் முறுக்குங்கள். வெளியே வரும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ரிச்சி தெருவில் நான்கு கோர் ஷீல்டு கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் தரையிடுங்கள். டையோடு பயன்படுத்துகிறவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். கேபிளில் ஏறும் ஏ.சி. இரைச்சலை டையோடு தானே நேர்மின்னாக (டி.சி.) மாற்றிக்கொள்ளும். அதனால் சராசரி மின்னழுத்தம் இறங்கும், திரையில் வெப்பநிலை உண்மையைவிட அதிகமாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மின்னழுத்தக் கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொட்டுப் பாருங்கள். ரீடிங் நகர்ந்தால் இரைச்சல் இருக்கிறது. லிஃப்ட் மோட்டாரும் ஏ.சி. கம்ப்ரெசரும் ஓடும் கட்டடத்தில் இந்தச் சோதனையைப் பகலில், எல்லாம் ஓடும்போதே செய்யுங்கள்.

பிளாட்டினத்தில் கவலை வேறு. ஒரு மில்லி ஆம்பியரில் 10 மில்லிகெல்வின் என்பது வெறும் 4 மைக்ரோவோல்ட். கம்பி இணைப்புகளில் உள்ள வெப்ப வேறுபாடே சில மைக்ரோவோல்ட்டை உண்டாக்கும். மின்னோட்டத்தை ஒருமுறை இப்படியும் ஒருமுறை திருப்பியும் செலுத்திச் சராசரி எடுத்தால் அது நீங்கிவிடும். நல்ல கருவிகள் இதைத் தாங்களே செய்யும்; அந்த வசதியை ஆன் செய்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

சென்சாரைத் திருகும்போது அடியில் மெல்லிய இண்டியம் தகடு அல்லது அபியெசான் 'N' வகை கிரீஸ் துளி. கிரீஸ் பார்வைக்கு மறையும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். அலுமினியத் தட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் குளிரில் அலுமினியம் அதிகமாகச் சுருங்கி ஸ்க்ரூ தளரும். கிண்ண வடிவ ஸ்பிரிங் வாஷர் ஒன்று போட்டால் பிடி விடாது.

சென்னையில் இருந்தபடியே சரிபார்ப்பது

சென்சாரை டியூவருக்குள் கட்டும் முன் இரண்டு புள்ளிகளில் சோதியுங்கள்.

முதல் புள்ளி ஐஸ், 273.15 கெல்வின். கேன் தண்ணீர் வேண்டாம், ஐஸ் பாரும் வேண்டாம். கரைந்த உப்பு உறைநிலையை இறக்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி ஃப்ரிட்ஜில் உறைய வைத்து, நொறுக்கி, அதே தண்ணீரில் கூழாகக் கலந்து ஒரு தெர்மாஸ் ஃப்ளாஸ்க்கில் நிரப்புங்கள். சென்சாரை ஒரு சிறிய செம்புக் கட்டையின் துளைக்குள் வைத்து, தண்ணீர் புகாமல் மூடி, கூழின் நடுவில் இறக்குங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள்.

இரண்டாவது புள்ளி திரவ நைட்ரஜன். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. நைட்ரஜன் 77.36 கெல்வினில் கொதிக்கும் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில் மட்டும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் கொதிநிலை சுமார் 8 மில்லிகெல்வின் மாறும். நம் ஊர் போன்ற வெப்பமண்டலக் கடற்கரையில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு, அதிகாலை நான்கு வாக்கில் தாழ்வு. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல். ஆகவே நல்ல சென்சாரை நைட்ரஜனில் போட்டு ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தால் 25, 30 மில்லிகெல்வின் உயரமுள்ள இரட்டை அலை தெரியும். சென்சார் நகர்கிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது வங்கக் கடல் மேல் இருக்கும் காற்றின் அசைவு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த மாதிரி ஒரு நாள் வந்து அழுத்தம் 30 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நைட்ரஜன் கால் கெல்வின் கூடுதலாகக் குளிரும்.

நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அழுத்த அளவைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். 1792இல் கட்டப்பட்ட மெட்ராஸ் வானாய்வகம் இருந்த அதே வளாகம் அது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி அங்கே வேலை பார்த்தபோதுதான் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். நம் ஊரில் வானத்தைப் பார்ப்பதும் காற்றழுத்தத்தைக் குறிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம். கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தை எடுக்காதீர்கள், அந்த இடத்தின் நேரடி அழுத்தம்தான் வேண்டும். சென்னையில் இரண்டுக்கும் வேறுபாடு ஓரிரு ஹெக்டோபாஸ்கல்தான், மலையேறினால் பெரிதாகும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஆழமும் கணக்கில் சேரும்: நைட்ரஜனின் மேற்பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே அழுத்தம் 8 ஹெக்டோபாஸ்கல் அதிகம், அதற்கு 65 மில்லிகெல்வின் வரை. அதனால் செம்புக் கட்டையை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். அப்புறம், புதிதாக ஊற்றிய நைட்ரஜனையே பயன்படுத்துங்கள். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் கரைந்து கொதிநிலையை மேலே தள்ளும். லேசாக நீலம் தெரிந்தால் அந்த நைட்ரஜனை அளவுக்கு எடுக்காதீர்கள்.

ஈரம்

மைலாப்பூரிலோ அம்பத்தூரிலோ ஐப்பசி மாதத்தில் டியூவரைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பரப்பும் நீரை ஒட்டவைத்துக்கொள்ளும். பம்ப் போட்டாலும் அது மெதுவாகத்தான் வரும். உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி, மறுபடி பம்ப் செய்து, மறுபடி நிரப்பி என்று சில சுற்று செய்தால் வேலை சீக்கிரம் முடியும். தொட்டியில் திருகிய டப்பாவில் ஆக்டிவேட்டட் கரி அல்லது மாலிக்யூலர் சீவ் இருக்கட்டும். குளிர்ந்ததும் மிச்ச வாயுவை அது பிடித்துக்கொள்ளும். 10 இன் மைனஸ் 3 அடுக்கு மில்லிபாருக்குக் கீழே போகாமல் நைட்ரஜன் ஊற்றாதீர்கள். ஊற்றியபின் அழுத்தம் இன்னும் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கசிவு.

ஸ்ட்ராப்பும் ஹீட்டரும்

77 கெல்வின் தொட்டியிலிருந்து தட்டுக்கு ஒரு செம்புப் பின்னல் போகும், அதுதான் ஸ்ட்ராப். அது எவ்வளவு வெப்பம் கடத்த வேண்டும்? ஹீட்டர் இல்லாமல் விட்டால் தட்டு உங்கள் இலக்கைவிடப் பத்து, பதினைந்து கெல்வின் கீழே போய் நிற்கும்படி வையுங்கள். என் கணக்கு ஒன்றைத் தருகிறேன். கதிர்வீச்சும் கம்பிகளுமாகச் சேர்ந்து தட்டுக்கு 1.5 வாட் வருகிறது. பின்னலின் கடத்துதிறன் ஒரு கெல்வினுக்கு 0.02 வாட். தட்டு 152 கெல்வினில் நிற்கும். 165 கெல்வினில் நிறுத்தப் பின்னல் 1.76 வாட் இழுக்கும், ஹீட்டர் 0.26 வாட் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு வாட் வெப்பம் மணிக்கு 22 மில்லி நைட்ரஜனைக் கொதித்து வெளியேற்றும் என்பதை நினைவில் வையுங்கள். தடித்த பின்னல் போட்டு, அதை எதிர்த்துப் பெரிய ஹீட்டர் போடுவது காசை ஆவியாக விடுவது.

ஹீட்டருக்கு 25 ஓம் பவர் ரெசிஸ்டர், உலோக உறை உள்ளது, தட்டில் திருகியது. நேர்மின்னில் ஓட்டுங்கள். ஆன், ஆஃப் என்று துடிக்கும் சப்ளை சி.சி.டி. படத்தில் கோடு கோடாக விழும்.

அதிகபட்ச மின்னழுத்தத்தை 10 வோல்ட்டில் கட்டிப்போடுங்கள், அதாவது 4 வாட். எல்லாம் கெட்டு ஹீட்டர் முழுமூச்சில் ஓடினாலும் தட்டு 280 கெல்வின் பக்கத்தில் நின்றுவிடும், டிடெக்டர் பிழைக்கும். இந்தப் பூட்டு தொட்டியில் நைட்ரஜன் இருக்கும்வரைதான் செல்லும். தொட்டி காலியானால் ஹீட்டரை அணைக்கும்படி தொட்டியில் ஒரு சென்சாரைக் காவலுக்கு வையுங்கள். டையோடின் கம்பி அறுந்தால் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகும். கன்ட்ரோலர் அதைக் கடுங்குளிர் என்று படித்து ஹீட்டரை முழுசாகத் திறக்கலாம். பிளாட்டினத்தின் கம்பி அறுந்தால் சூடு என்று தெரியும், ஹீட்டர் அணையும். 165 கெல்வினில் பிளாட்டினத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.ஐ.டி.

இப்போது கன்ட்ரோலர். அது ஹீட்டரை மூன்று பகுதிகளால் ஓட்டும்: இப்போதைய பிழைக்கு பி, சேர்ந்துவந்த பிழைக்கு ஐ, பிழை மாறும் வேகத்துக்கு டி. தானியங்கி ட்யூனிங் பொத்தானை அழுத்தும் முன், உங்கள் தட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹீட்டரைக் கையால் நிலையான ஒரு அளவில் வைத்து, தட்டு நிலைத்தபின் கொஞ்சம் கூட்டி, வளைகோட்டைப் பதிவு செய்யுங்கள். 200 கிராம் செம்புத் தட்டுக்கு 165 கெல்வினில் வெப்பக் கொள்ளளவு ஒரு கெல்வினுக்குச் சுமார் 66 ஜூல், அதை 0.02ஆல் வகுத்தால் 3300 விநாடி. கிட்டத்தட்ட 55 நிமிடம்; தட்டு தன் மாற்றத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். அதனால் இந்தச் சோதனைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஹீட்டரைக் கூட்டியதற்கும் சென்சார் அசைவதற்கும் இடையே உள்ள தாமதத்தையும் குறியுங்கள். அது 20 விநாடி என்று வைப்போம்.

சென்சாரும் கன்ட்ரோலரும் ஹீட்டரும் சேர்ந்த மூடிய சுற்று 60 விநாடியில் பதில் சொன்னால் போதும் என்று நான் எடுத்துக்கொள்வேன். அப்போது பி மதிப்பு: 3300ஐ, 50க்கும் 80க்குமான பெருக்கலால் வகுக்க வேண்டும். 50 என்பது ஒரு வாட்டுக்கு எத்தனை கெல்வின் என்பது, 80 என்பது 60உம் 20உம் சேர்ந்தது. விடை ஒரு கெல்வின் பிழைக்குச் சுமார் 0.8 வாட். ஐ நேரம் 80இன் நான்கு மடங்கு, 320 விநாடி. டி வேண்டாம், சென்சார் இரைச்சலை அது பெரிதாக்கும். உங்கள் கன்ட்ரோலர் இந்த எண்களை வேறு அலகில் கேட்கலாம், கையேட்டைப் பார்த்து மாற்றுங்கள்.

5 கெல்வின் பிழையிலேயே ஹீட்டர் 4 வாட் உச்சத்தைத் தொட்டுவிடும் என்பதைக் கவனித்தீர்களா? அறை வெப்பத்திலிருந்து குளிரும்போதே 165 என்று போட்டு விட்டால் ஐ பகுதி தவறான பக்கம் குவிந்து, தட்டு இலக்கைத் தாண்டிக் கீழே போய்விட்டுத்தான் திரும்பும். இலக்கை நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மிகாமலும், கடைசி ஐம்பது டிகிரியில் தட்டு தானே குளிரும் வேகத்துக்கு ஏற்ப அதைவிட மெதுவாகவும் நகர்த்துங்கள். டிடெக்டருக்கும் அந்த வேகம் நல்லது. அதன் டேட்டா ஷீட்டில் இன்னும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நிலைத்தபின் இரண்டாவது சென்சாரைப் பாருங்கள். முதல் சென்சார் கோடு போட்ட மாதிரி நிற்பது உங்கள் சுற்று வேலை செய்கிறது என்பதை மட்டும் காட்டும். டிடெக்டர் பக்கத்து சென்சாரும் நின்றால்தான் நீங்கள் ஜெயித்தீர்கள். படம் எடுக்கும்போது சி.சி.டி.யின் பெருக்கி கொஞ்சம் சூடாகும்; தொடர்ந்து படம் எடுத்துக்கொண்டே அந்தக் கோட்டைப் பாருங்கள்.

நைட்ரஜனும் மலையும்

மாட்டு ஆஸ்பத்திரிகளில் சினை ஊசிக்கான குச்சிகளை வைத்திருக்கும் அதே வகை ஜாடிதான் நமக்கும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகும். கதவைச் சாத்திய ஏ.சி. அறையில் ஊற்றாதீர்கள். லிஃப்டில் ஜாடியைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் படியேறுங்கள், மேலே ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். காரில் என்றால் கண்ணாடி இறக்கியே ஓட்டுங்கள். ஜாடியின் மூடியை ஒருபோதும் இறுக்கி அடைக்காதீர்கள்.

ஜவ்வாது மலையில் காவலூருக்குக் கேமராவை எடுத்துப் போகிறீர்கள் என்றால், வைணு பாப்பு வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அங்கே நைட்ரஜன் சென்னையைவிட 0.7 கெல்வின் கீழே கொதிக்கும். லடாக்கில் ஹான்லே, 4500 மீட்டர், என்றால் ஏறக்குறைய 4 கெல்வின் கீழே. பின்னல் கூடுதலாக இழுக்கும், ஹீட்டர் அதற்கேற்ப ஏறும். காவலூருக்கு 14 மில்லிவாட், ஹான்லேக்கு 80 மில்லிவாட் என்று மேலே சொன்ன கணக்கிலேயே வந்துவிடும். சுற்றுப்புறமும் குளிராக இருந்தால் கதிர்வீச்சு குறையும், ஹீட்டர் அதைவிட அதிகமாகவே ஏறும். குறைவாக நின்றால் வழியில் பின்னல் தளர்ந்திருக்கிறதா, வெற்றிடம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்து டியூவரைச் சூடாக்கும்போது, தட்டில் உள்ள சென்சார் அறை வெப்பத்தைக் காட்டுவது போதாது. தொட்டியில் உள்ள சென்சாரும் காட்ட வேண்டும், கரி டப்பா கடைசியில்தான் சூடாகும். அதுவரை பம்ப் ஓடட்டும், காற்றை உள்ளே விடும் வால்வு மூடியே இருக்கட்டும். திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜன் வாயுவையே உள்ளே விடுங்கள்.